முகத்தில் ஏறிய செவப்பு

என் முகம் சிவந்தபோது எங்கள் வீட்டில் முதலில் சந்தோஷப்பட்டார்கள். மற்றவர்களுக்கு வியாதி காய்ச்சலில் தொடங்கும், வலியில் தொடங்கும். எனக்கு அம்மாவின் சிரிப்பில் தொடங்கியது.

நான் கறுப்பு. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அம்மா ‘மாநிறம்’ என்பாள், அது பொய். தூத்துக்குடியில் உப்பளம் வைத்திருந்த ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வர ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அப்பா அங்கே மூட்டைக் கணக்கு எழுதும் வேலையில் இருந்தார். என் ஆபீஸ் என்பது அளத்தை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. ஜன்னலுக்கு வெளியே உப்பு அம்பாரங்கள். உச்சி வெயிலில் அந்த வெள்ளை வெளிச்சம் நேரே முகத்தில் வந்து அடிக்கும்.

அந்தச் சித்திரையில் கன்னத்திலும் மூக்கிலும் ஒரு சூடு வந்து தங்கியது. மிளகாய் அரைத்த கையால் தெரியாமல் முகத்தைத் தொட்டுவிட்டால் எரியுமே, அந்த எரிச்சல். சூடாகக் காப்பி குடித்தால் வரும், மீன்குழம்பு சாப்பிட்டால் வரும், மேனேஜர் சத்தம் போட்டால் வரும். முதலில் வந்து வந்து போனது, பிறகு போகவேயில்லை. வெள்ளைக்காரிக்குச் சிவப்பதுபோல எனக்குச் சிவக்காது. நனைந்த செங்கல் நிறத்தில் ஒரு படலம் கறுப்புக்கு மேல் நின்றது.

அம்மா என் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

“ஏளா பிலோமி, செவப்பு ஏறுதுளா ஒனக்கு!”

“எரியுதும்மா.”

“வெயில்ல வந்தா எரியத்தான் செய்யும். ஆபீசுல நெழல்ல இருக்கேல்லா, அதான் நெறம் தெளியுது.”

நம் பாஷையில் சிவப்பு இரண்டு. ஒன்று ரத்தத்தின் நிறம், இன்னொன்று கல்யாணத்துக்குக் கேட்கிற நிறம். நான் முதலாவதைச் சொன்னேன், கேட்டவர்கள் எல்லாருக்கும் இரண்டாவதுதான் காதில் விழுந்தது. அந்த ஒரு வார்த்தை என் ஒரு வருடத்தைத் தின்றுவிட்டது.

ஏறிய நிறம் இறங்கிவிடக் கூடாது என்று அம்மா கடலை மாவும் பாலாடையும் மஞ்சளும் குழைத்துத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க முகம் கொதித்தது, கொதிக்கக் கொதிக்கச் சிவந்தது, அவளுக்கு நம்பிக்கை கூடியது. பக்கத்து வீட்டுக்காரி அக்கி என்று சொன்னாள்; குயவர் வீட்டில் போய் முகத்தில் காவி எழுதினால் மூன்று நாளில் இறங்கிவிடும் என்றாள். வேதக்கார, அதாவது கிறிஸ்தவப் பிள்ளைக்கு அதெல்லாம் ஆகாது, பங்குச் சாமியார் ஏசுவார் என்று அம்மா மறுத்துவிட்டாள். சாமியாருக்குப் பயந்த ஆள் இல்லை அவள். இறங்கிவிடும் என்ற வார்த்தைதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

வைகாசியில் மணப்பாட்டிலிருந்து சேவியரின் வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சேவியர் கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் கிளார்க். அன்று மத்தியானம் முழுக்க நான் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று கட்லெட் பொரித்திருந்தேன். முகம் அனலாக இருந்தது. அப்படியே பவுடர் போட்டு, சேலை மாற்றி, காப்பித் தட்டோடு போய் நின்றேன்.

சேவியரின் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். “போட்டாவுல கறுப்பாத் தெரிஞ்சா. நேர்ல நல்ல செவப்பால்லா இருக்கா!” என்றார்.

இது எரிச்சல், இது என் நிறமில்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு முன் எட்டுக் குடும்பம் வந்து பலகாரம் தின்றுவிட்டு, போய்க் கடுதாசி போடுகிறோம் என்று சொல்லிப் போயிருந்தது. ஒன்பதாவது குடும்பம் தலையாட்டுகிறபோது எனக்கு வாய் வரவில்லை. அம்மாவை மட்டும் குற்றம் சொல்லி இதை எழுதினால் நான் யோக்கியமில்லாதவள். தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். கிறிஸ்துமஸ் கழிந்ததும் கோயிலில் ஓலை வாசிப்பது என்று முடிவானது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். அதைத்தான் ஓலை என்போம்.

ஆடியில் எரிச்சல் தாங்காமல் ஊரில் பெயர் பெற்ற ஒரு டாக்டரிடம் நானாகவே போனேன்.

“என்ன பிள்ள, என்ன செய்யுது?”

“முகம் செவந்து போகுது டாக்டர்.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கம்பவுண்டரைக் கூப்பிட்டார். “இங்க வாரும். ஊர்ல உள்ள பொம்பளயெல்லாம் செவக்கலன்னு மருந்து கேக்காளுவ. இவ செவக்குதுன்னு மருந்து கேட்டு வந்திருக்கா.” கம்பவுண்டரும் சிரித்தார். என் முகம் இன்னும் சிவந்தது. அதையும் வெட்கம் என்று நினைத்திருப்பார்கள். தொட்டுப் பார்க்கவில்லை, எத்தனை நாளாக என்று கேட்கவில்லை. ஒரு களிம்பு எழுதிக் கொடுத்து, பத்து நாள் பூசச் சொன்னார்.

அந்தக் களிம்பு ஒரு மாயம். மூன்றாம் நாளே எரிச்சல் அடங்கிவிட்டது. பத்து நாளில் தோல் வழவழவென்று ஆனது. ஒரு மாதத்தில் நிஜமாகவே வெளுத்தது. நெற்றியும் கழுத்தும் என்னுடையவை, நடுமுகம் யாருடையதோ. அம்மா மாதா படத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். மருந்துக்கடை அண்ணாச்சி சீட்டே கேட்காமல் அடுத்த டியூபை எடுத்து நீட்டினார், அதற்கடுத்ததையும் நீட்டினார். அது ஸ்டிராய்டு என்றும், புண்ணின் வேகத்தை அமுக்கி வைக்கும், கூடவே தோலை நைந்த துணிபோல மெலிசாக்கிவிடும் என்றும் எங்களுக்கு யார் சொன்னார்கள்?

புரட்டாசியில் ஒரு நாள் பூசாமல் விட்டால் போதும், முகம் பற்றி எரிந்தது. கன்னத்தில் சிலந்தி வலைபோல் மெல்லிய ரத்தக் கோடுகள் தெரிந்தன. மூக்கைச் சுற்றிச் சீழ் வைத்த பருக்கள் வந்தன. பூசினால் இரண்டு மணி நேரம் அடங்கும், திரும்ப எழும். பிறகு இடது கண்ணில் மணல் விழுந்ததுபோல உறுத்தல். காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். டைப் அடித்த கடிதத்தில் எழுத்துகள் கலங்கின. ஒரு லாரிக் கணக்கில் எட்டை மூன்றாக அடித்து மேனேஜரிடம் ஏச்சு வாங்கினேன். அன்று மாலை அப்பா என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“நாளைக்கு லீவு சொல்லு. திருநவேலிக்குப் போவோம்,” என்றார்.

திருநெல்வேலியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு முன்னால் ஒரு நீள பெஞ்சு. அதில் உட்கார்வது தனி வேதனை. காய்ச்சல்காரர்களும் எலும்பு முறிந்தவர்களும் ஒருவருக்கொருவர் விசாரித்துக்கொள்வார்கள். தோல்காரர்கள் பேசிக்கொள்வதில்லை. அவரவர் துண்டால், முந்தானையால் மூடிக்கொண்டு தரையைப் பார்ப்பார்கள். தொழுநோய்க்காரர்களுக்கும் அதே பெஞ்சுதான். யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று எல்லாரும் ரகசியமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்; நானும்தான்.

முதலில் ஒரு சின்ன டாக்டர் பார்த்தார். படித்து முடித்து இரண்டு வருடம் இருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் கன்னத்தைத் தொட்டு, தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது. காது மடலில் சின்னதாகக் கீறி, கசிந்த நீரைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்தார்கள். தொழுநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ரத்தமும் எடுத்தார்கள், கன்னத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் சிவக்கிற, உடம்பையே உடம்பு தின்கிற ஒரு நோய் இருக்கிறதாம், அதற்காக. முடிவு வர இரண்டு நாள் என்றார்கள்.

அந்த இரண்டு நாள் வெளியே ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கினோம். யாரிடமும் சோதனை என்னவென்று சொல்லவில்லை. முதல் நாள் காலை நான் பாதி குடித்து வைத்த காப்பியை அப்பா எடுத்துக் குடித்தார். யார் எச்சிலையும் தொடாத மனிதர். என்னைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார். எனக்கு அழுகை வந்தது. கண்ணீர் பட்டுக் கன்னம் எரிந்தது. அதனால் நன்றாக அழக்கூட முடியவில்லை.

இரண்டு சோதனையிலும் ஒன்றும் இல்லை. சின்ன டாக்டர் குழம்பிப்போய், பிரிவின் பெரிய டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார். ஐம்பது வயதிருக்கும், என்னைவிடக் கறுப்பு.

“முகம் செவக்குதுன்னு சொல்றாங்க மேடம்,” என்றார் சின்ன டாக்டர்.

டாக்டரம்மா என்னை உட்கார வைத்தார். “சிவக்குதுன்னா எந்தச் சிவப்பும்மா? வெளுக்குதா, எரியுதா?”

ஆறு மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். “எரியுது,” என்றேன்.

ஒரு கண்ணாடித் துண்டை என் கன்னத்தில் வைத்து அழுத்தினார். கண்ணாடிக்கு அடியில் சிவப்பு மறைவதையும், எடுத்ததும் திரும்பி வருவதையும் சின்ன டாக்டருக்குக் காட்டினார். முகத்துத் தோலுக்கு அடியில் மயிரிழை ரத்தக் குழாய்கள் இருக்கின்றன. சூட்டுக்கும் கோபத்துக்கும் விரிந்து, பிறகு சுருங்கிக்கொள்ளும். சிலருக்கு அவை விரிந்தபடியே நின்றுவிடும். அதற்கு ரொசேஷியா என்று பெயர். இதுதான் அவர் சொன்னது.

“புஸ்தகத்துல படமெல்லாம் வெள்ளைக்காரங்களாத்தான் இருக்கு மேடம். நம்ம கலருக்கு இது வராதுன்னு...” என்று இழுத்தார் சின்ன டாக்டர்.

“வராமல் இல்லைப்பா. நாம பார்க்கிறதில்லை,” என்றார் டாக்டரம்மா.

பிறகு அப்பாவிடமிருந்து களிம்பு டியூபை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. எத்தனை மாதம், எத்தனை டியூப் என்று கேட்டுக்கொண்டார். அன்றோடு நிறுத்த வேண்டும் என்றார். நிறுத்தினால் இரண்டு மூன்று வாரம் முகம் பொங்கும், உரியும், பார்க்கச் சகிக்காது, பொறுத்துக்கொள்ள வேண்டும். இமை வீங்கிக் கருவிழி ஓரத்தில் ஒரு சின்னப் புண் இருக்கிறது, களிம்பு உள்ளே இறங்க இறங்க அது பெரிதாகும், பார்வை போகும். அதனால் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும்.

“தையில கலியாணம் வச்சிருக்கு டாக்டர்,” என்றார் அப்பா.

“அதுக்குள்ள சரியாகிடும். அவங்க நிறம் அவங்களுக்குத் திரும்பிடும்,” என்றார் டாக்டரம்மா. ஆறுதலாகத்தான் சொன்னார். அவருக்கு என்ன தெரியும்!

பன்னிரண்டு நாள் வார்டில் கிடந்தேன். மூன்றாம் நாள் முகம் பொங்கியது. கன்னம் இரண்டும் வீங்கி, தண்ணீர் கசிந்து, காய்ந்து, செதில் செதிலாக உரிந்தது. இடது கண்ணில் கட்டு. மருந்து என்று பார்த்தால் அதிகமில்லை: டெட்ராசைக்ளின் மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, முகத்துக்குக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் நனைத்த துணி. மாத்திரையோடு பால் கூடாது என்பார்கள். பால் சேர்ந்தால் மருந்து உடம்பில் பிடிக்காதாம். அம்மா ஒவ்வொரு தடவையும் மாத்திரையும் பால் காப்பியுமாக வந்து நர்சிடம் ஏச்சு வாங்குவாள்.

துணி போடுகிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். மெல்லிய வேட்டியைக் கிழித்து, நாலாக மடித்து, பிழிந்து, விரல் நுனி தோலில் படாமல் வைப்பார். பேனா பிடித்துக் காய்த்துப்போன விரல், பட்டால் எரியும் என்று அவருக்குப் பயம். பக்கத்துக் கட்டிலில் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயல்காட்டுப் பெண் ஒருத்தி, கால் புண்ணோடு கிடந்தாள். அப்பா செய்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். “ஒங்கய்யா நாத்து நடுத மாதிரில்லா துணி வைக்காரு,” என்றாள் ஒரு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். சிரித்ததில் உதட்டோரம் வெடித்தது.

ஏழாம் நாள், சேவியரின் அம்மா மறுநாள் என்னைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. அம்மா கட்டிலில் வந்து உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து, ஜெபப் புஸ்தகத்துக்கு அடியிலிருந்து ஒரு புது டியூபை எடுத்தாள்.

“இன்னைக்கும் நாளைக்கும் மட்டும் பூசிக்களா. அவிய பாத்துட்டுப் போவட்டும். பெறவு கலியாணம் முடியுத வரைக்கும் அப்பப்ப பூசிக்கிடலாம்.”

“கண்ணு போயிரும்னு டாக்டர் சொன்னாங்கல்லா?”

“ரெண்டு நாள்ல கண்ணு போவுமா?”

“எனக்குக் கண்ணு வேணும்மா.”

“கண்ண வச்சிக்கிட்டு எதப் பாக்கப் போற? வீட்டுக்குள்ள ஒத்தையில இருந்து சொவத்தப் பாக்கப் போறியா?”

சொல்லிவிட்டு அவளே அழுதாள். நான் டியூபைக் கையில் வாங்கினேன். மூடியைத் திறக்கவும் செய்தேன். அந்த வாசனை வந்ததும் முகம் முழுக்கக் குளிர்ந்ததுபோல் இருந்தது. குடிகாரனுக்குச் சாராய வாசனை எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. பூசவில்லை என்பதை நல்ல புத்தி என்று எழுத எனக்கு உரிமை இல்லை. அந்த நேரம் நர்ஸ் சொட்டு மருந்தோடு வந்தாள், நான் டியூபை அவளிடம் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான். அம்மா அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் எனக்கு விசிறுவதை மட்டும் நிறுத்தவில்லை.

மறுநாள் சேவியரின் அம்மா வந்தார், கூடவே சேவியரும். அவர் அம்மா கட்டிலுக்கு இரண்டடி தள்ளி நின்று, “என்னத்துக்கு இப்பிடி ஆயிட்டு?” என்று என் அம்மாவைக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. ஒட்டுவதில்லை என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். சேவியர் ஆரஞ்சுப் பையை மேசையில் வைத்தார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, “வலிக்கா?” என்றார். நான் தலையாட்டினேன். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் இரண்டு மாதம் ஓட்டினேன் என்பதை நினைத்தால் இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வீட்டுக்கு வந்தபின் செய்ததையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவட்டும். முகத்தில் தண்ணீரைத் தவிர எதுவும் படக் கூடாது. சோப்பு, மஞ்சள், கடலை மாவு, எலுமிச்சை, பவுடர் எல்லாம் விலக்கு. தேய்க்கக் கூடாது, துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அடுப்பில் முகம் காட்டக் கூடாது. காப்பியை ஆறவைத்துக் குடிக்க வேண்டும். மிளகாயைக் குறைக்க வேண்டும். வெயிலில் குடை இல்லாமல் காலெடுத்து வைக்கக் கூடாது. உப்பளத்தில் குடை பிடித்துக்கொண்டு போன முதல் டைப்பிஸ்ட் நான்தான். மகாராணி வருகிறாள் என்று கேலி செய்தார்கள். மேனேஜரிடம் கெஞ்சி மேசையை ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்கு மாற்றிக்கொண்டேன். யாராவது கைராசிக்காரர் ஒரு களிம்பு கொடுத்து மூன்றே நாளில் அடங்கினால், அங்கேயே பயப்பட வேண்டும்.

மார்கழியில் எரிச்சல் போயிற்று. கண் தெளிந்தது. பரு இருந்த இடங்களில் கறுத்த வடுக்கள் மட்டும் மிச்சம். ஒரு நாள் காலை முகம் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தேன். நெற்றி, கன்னம், கழுத்து எல்லாம் ஒரே நிறமாக இருந்தது. என் பழைய கறுப்பு. முகத்தைத் தொட்டேன், குளுமையாக இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். “அம்மா, இங்க பாருங்க,” என்று கூப்பிட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, குசினிக்குள் போய்விட்டாள்.

ஓலை வாசிக்க ஒரு வாரம் இருக்கும்போது, பெண்ணை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சாமியாரிடம் பெயர் கொடுக்கிறோம் என்று மணப்பாட்டிலிருந்து ஆள் அனுப்பிச் சொன்னார்கள். சேவியரும் அவர் அம்மாவும் பகல் பதினோரு மணிக்கு வந்தார்கள். நான் பவுடர் போடவில்லை. அம்மா கெஞ்சினாள், போடவில்லை. அப்படியே போய் நின்றேன்.

சேவியரின் அம்மா எழுந்து வந்து, என்னை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். பொல்லாத மனுஷி என்று சொல்ல மாட்டேன். முகத்தில் நிஜமான கவலை இருந்தது.

“கறுத்துப் போயிட்டாளே! ஆஸ்பத்திரி மருந்து ஒத்துக்கலையோ?”

“நல்லா ஒத்துக்கிட்டும்மா. பிள்ளைக்குக் கொணமாயிட்டு,” என்றார் அப்பா.

“கொணமாயிட்டுன்னா, முந்தி இருந்த செவப்பு எங்க?”

அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். அம்மா குசினி வாசலில் நின்று வேண்டாம் என்று கை காட்டினாள்.

“அந்தச் செவப்புதாம்மா நோய்,” என்றார் அப்பா.

சேவியர் வாசலில் கழற்றிய தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அம்மா திரும்பப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டார்.

“அதப் பாத்துத்தானங்க நாங்க சம்மதம் சொன்னோம்,” என்றார்.

அதில் பொய் இல்லை. அவர்கள் பெண் பார்த்தது என் நோயைத்தான். அந்தச் சமயம் நானும் வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான்.